அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்

எங்கள் வீட்டில் படம் பார்ப்பது என்றால், படம் ஓட ஓட அம்மா வசனத்தைத் திருப்பிச் சொல்வது என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் அப்பா பாயை விரித்து, சுவரோரம் தலையணையைச் செருகிச் சாய்ந்துகொள்வார். அம்மா அவருடைய வலது பக்கமாக வந்து உட்காருவாள். இடது பக்கம் உட்கார்ந்து பயனில்லை. அந்தக் காது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே போய்விட்டது. வலது காது ஓரளவு கேட்கும். அதுவும் கிட்டத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசினால்.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்த்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டை உருளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து நீண்டு, கடைசியில் கம்பியாக வெளியே ஓடிவரும் இடம். ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தையெல்லாம் உள்ளே விட்டார்கள். இயந்திரங்கள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாதுவாக நின்றன. "இதுவா அவ்ளோ சத்தம் போடுது?" என்று அம்மா கேட்டாள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் சிரித்துக்கொண்டே, எங்களுக்காக ஒரே ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டினார். கொஞ்ச நேரம்தான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வேலை நாட்களில் அத்தனையும் ஒன்றாக ஓடும். அதற்கு நடுவில் அப்பா, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தினமும் நின்றார்.

ஆலைக்குள் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. தண்ணீருக்கு ஒரு சைகை, டீக்கு ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு மீசையைத் தடவும் சைகை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது அப்பா இரண்டு விரலை வளைத்துக் காட்டினால் ரசம் என்று அர்த்தம்.

ஆனால் காது கேட்கவில்லை என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. இப்ப வர்ற படத்துல எவனும் வாயத் தொறந்து பேச மாட்றான். வாய்க்குள்ளயே பேசிக்கினா யாருக்குக் கேக்கும்?" என்பார்.

"ஆமா, அவுங்க மேலதான் தப்பு," என்று அம்மா சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தை அவர் காதருகே போய்ச் சொல்லுவாள்.

அம்மா சொல்லுகிற முறையே தனி. அத்தனையையும் சொல்ல மாட்டாள். நீளமாகப் பேசினால் சுருக்குவாள். இங்கிலீஷில் பேசினால், "இன்னாவோ இங்கிலீஷ்ல கத்துறான்" என்று முடித்துவிடுவாள். நகைச்சுவைக் காட்சி வந்தால் முதலில் அவள் சிரித்து முடித்து, பிறகு சொல்லி, அதற்குப் பிறகு அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜோக்குக்கும் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். பாட்டு வந்தால் அம்மாவுக்கு ஓய்வு. எழுந்து போய் டீ வைப்பாள்.

எங்களுடையது எளாவூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வத்தல் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். டிவிடி பிளேயர் வந்த பிறகு, கடைத்தெருவில் சிடி வாடகைக்கு எடுத்து வந்து பார்ப்போம். அம்மா சொன்னாலும் அப்பாவுக்கு நேரடியாகவும் கொஞ்சம் கேட்க வேண்டும். அதனால் டிவியின் சத்தம் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் பழவேற்காட்டுக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கணவர் கருவாடும் இறாலும் மொத்தமாக வாங்கி விற்கிற வியாபாரி. மரியாதையான மனிதர்கள். பெருநாளைக்குப் பிரியாணியைத் தூக்குப் போசியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களுக்கு ரொம்ப வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. தூளியை எங்கள் சுவரையொட்டித்தான் கட்டியிருந்தார்கள். வேறு இடத்தில் கட்ட அந்த வீட்டில் உத்தரம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். தலைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. புள்ள காலையிலேர்ந்து தூங்கல. இப்பத்தான் கண்ண மூடுது, மறுபடியும் தூக்கிப் போடுது. கொஞ்சம் சவுண்டு மட்டும்..."

அம்மா சட்டென்று எழுந்து, "அய்யோ, இதுல தப்பா நெனைக்க இன்னா கீது," என்றாள்.

அப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

அம்மா குனிந்து காதில் சொன்னாள். அப்பா எழுந்து போய் டிவியையே அணைத்துவிட்டார். அந்த அக்கா, "அணைக்கச் சொல்லலண்ணே, கொறச்சா போதும்," என்று பதறினார். அது அவருக்குக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் டிவி போடவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செக்போஸ்ட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா குறைந்த சத்தத்தில் டிவி போட்டுப் பார்க்கலாம். அவளும் போடவில்லை. அரிசியில் கல் பொறுக்குவாள், அல்லது சும்மா படுத்திருப்பாள். நான் ஒருநாள், "நீயாவது பாரேம்மா," என்றேன். "தனியா இன்னாத்தப் பாக்கறது," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் ரயில் பயணம். ஒரு நாள் எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரயிலில் அவ்வளவு கூட்டம், இரைச்சல். அவள் மட்டும் வேறு எங்கோ இருந்தாள். அவளுக்கு உரக்கக் கேட்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது போதுமே நம் வீட்டுக்கு!

அன்று மாலையே ரயிலில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஒரு இயர்போன் வாங்கிப் போனேன். காதுக்குள் வைக்கிற சின்ன பொத்தான் போன்றது. அப்பா அதை வாங்கிப் பார்த்தார். தடித்துக் காய்த்துப்போன அவருடைய விரல்களுக்கு நடுவில் அது ஒரு கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. காதுக்குள் வைத்தார், விழுந்தது. அழுத்தி வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"காதுல எறும்பு பூந்த மாதிரி கீது," என்று எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"அப்ப பெருசா வாங்கலாம்ப்பா. தலைக்கு மேல மாட்டிக்கிறது. பைலட்டு போட்டுக்குவாங்களே, அந்த மாதிரி."

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? எனக்கு நல்லாத்தான் கேக்குது."

அம்மாதான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வலது பக்கமாக வந்து நின்று, "உனுக்குன்னு யார் சொன்னது? பக்கத்தூட்டுக் கொழந்தைக்குத்தான். அது தூங்கணும்ல? அதுக்கோசரம் ஒரு ஹெட்போன் வாங்கி வைப்போம்," என்றாள்.

அப்பா சுவர்ப் பக்கம் பார்த்தார். "கொழந்தைக்குன்னா சரி," என்றார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அப்பாவும் நானும் லீவு போட்டோம். மூன்று பேரும் சென்ட்ரலுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அம்மா பட்டுச்சேலை அளவுக்கு இல்லையென்றாலும் நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். மல்லிப்பூ வேறு. ஹெட்போன் வாங்குவதற்கு இப்படி உடுத்திக்கொண்டு வந்த குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். அந்தத் தெருவில் ஒயரும் ரிமோட்டும் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டருமாகக் குவிந்து கிடந்தன. கல்லூரிப் பையன்கள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்பா இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்தபடி, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த சைக்கிள் மணி அவருக்குக் கேட்காது என்பதால் அம்மாதான் அவரை ஓரமாக இழுத்து இழுத்து விட்டாள்.

பல கடைகளில் பெட்டியைத் திறக்கவே மாட்டோம் என்றார்கள். ஒரு சின்னக் கடையில் மட்டும், நரைத்த தாடியோடு இருந்த ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்.

"பாட்டு கேக்கறதுக்கா சார், படம் பாக்கறதுக்கா?"

"படத்துக்குத்தான். ஊட்ல," என்று அம்மா சொன்னாள்.

"அப்ப மாட்டிப் பாத்துதான் வாங்கணும். காது ஆளுக்கு ஆள் மாறும்," என்றார். கடையிலேயே ஒரு சின்ன டிவி வைத்திருந்தார். அதில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அதில் சொருகி அப்பாவின் தலையில் மாட்டினார்.

முதலில் மெல்லிய பட்டையும் கறுப்புப் பஞ்சும் வைத்த ஒன்று. அப்பாவின் தலைக்கு அது பத்தவில்லை. காதுக்கு மேலேயே நின்றுகொண்டது. அடுத்தது பெரியது, கறுப்பில் சிவப்புக் கோடு போட்டது, பார்க்கவே ஜோராக இருந்தது. எனக்கு அதைத்தான் வாங்க ஆசை. "இது பேஸ் சும்மா அதிரும் சார், தியேட்டர் தோத்துரும்," என்று கடைக்காரர் பெருமையாக மாட்டிவிட்டார். அப்பா உடனே இரண்டு கையாலும் பிடுங்கினார்.

"வாணாம். மில்லுக்குள்ள போய் நின்ன மாதிரி கீது."

பிறகு ஒயரே இல்லாத ஒன்றைக் காட்டினார். டிவி பக்கத்தில் ஒரு டப்பா, தலையில் ஒரு ஹெட்போன், நடுவில் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. "ஒயரே இல்லாம எப்படி வருது?" என்று டப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கையை ஆட்டிப் பார்த்தாள். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ள யாரோ வடகம் பொரிக்கிறான்," என்றார்.

கடைக்காரர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "ஆமா சார், கரகரன்னுதான் வருது. பக்கத்துக் கடையில மிஷின் ஓடுது, அதனால."

அதற்குள் கடைக்காரருக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் மெதுவாக, "சாருக்குக் காது கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அப்பா அந்த உதட்டசைவை மட்டும் எப்படித்தான் பிடித்தாரோ, முகம் கறுத்துவிட்டது. ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைக்காரரிடம், "பக்கத்தூட்ல கைக்கொழந்த கீதுங்க. சத்தம் போட முடியல. அதுக்குத்தான் வாங்க வந்தோம்," என்றாள். அப்பாவுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

அந்தக் கடைக்காரரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "கரெக்டும்மா. சின்னக் கொழந்தைங்க இருந்தா அப்படித்தான் செய்யணும்," என்று அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு ஹெட்போன் இருந்தது. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் மூடி அளவுக்கு இரண்டு கிண்ணங்கள், உள்ளே மெத்தை, ஒயரில் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம்.

"இது பேச்சுக்குன்னே வர்றது. இங்கிலீஷ் கத்துக்குடுக்கற சென்டருங்க வாங்கினு போவாங்க. பாட்டுக்கு ஆவாது. ஆனா ஒருத்தர் பேசறது சுத்தமா கேக்கும்."

அப்பாவின் தலையில் அது பொருந்தி உட்கார்ந்தது. காது இரண்டும் கிண்ணத்துக்குள் முழுதாகப் போய்விட்டன. கடைக்காரர் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினார். டிவியில் ஒரு ஆணும் பெண்ணும் கடையோரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கண்கள் சுருங்கின. பிறகு பெரிதாயின. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அம்மாவைத் தேடித் திரும்பினார்.

"மழ பெய்யுதுமே!" என்று கத்தினார்.

தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"எங்க பெய்யுது?"

"படத்துல! அவங்க பேசறதுக்குப் பின்னால. சளசளன்னு பெய்யுது!"

மழையை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மழை பெய்வதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பாள். அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. அவர் அந்தக் காட்சி முடியும்வரை கழற்றவில்லை. கடைக்காரரும் அவசரப்படுத்தவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையே கட்டிக் குடுங்க," என்றாள்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எண்ணூர் தாண்டும்போது ஒருமுறை திறந்து பார்த்து மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல். டிவிடி பிளேயரின் முன்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. அதுதான் ஹெட்போனுக்கு என்று நான் நம்பியிருந்தேன். சொருகினால் ஹெட்போன் பின் தொளதொளவென்று ஆடியது. உற்றுப் பார்த்தால், அது வீட்டில் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு மைக் சொருகுகிற ஓட்டை. டிவியிலோ ஓட்டையே இல்லை. கடைத்தெருவில் டிவி மெக்கானிக் ஒருவர் இருந்தார், ஆந்திர எல்லையில் தடா பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். டிவியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம். பின்பக்கம் திறந்து, ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு சாக்கெட் வைத்துக் கொடுத்தார்.

"பின்னச் சொருகுனா ஸ்பீக்கர் கட் ஆயிடும் நைனா. சத்தம் காதுல மட்டும்தான் வரும். புடுங்குனா பழையபடி ஸ்பீக்கர்ல வரும்," என்று விளக்கினார். நாங்கள் கேட்டது அதைத்தான். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று மகிழ்ச்சியாகத் தூக்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா சாய்ந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அம்மா வழக்கம்போல வலது பக்கம் உட்கார்ந்தாள். படம் ஓட ஆரம்பித்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டில் தூளி ஆடுகிற கிரீச் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. அப்பா மட்டும் திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை.

"இன்னா சொல்றான்?" என்று அம்மா அவர் தோளைத் தட்டிக் கேட்டாள். வீட்டில் அந்தக் கேள்வியை அம்மா கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் விழித்துவிட்டு, "பொண்டாட்டி ஊருக்குப் போறான்னு சொன்னதும் பையத் தூக்கினு முன்னாடி ஓட்றான் பாரு, 'எதுக்குய்யா நீ தூக்கற'ன்னா, 'மனசு மாறிடப் போவுது'ன்றான்!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். ஹெட்போன் போட்டிருந்ததால் தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வசனத்தையும் சொன்னார். அதற்கடுத்ததையும். அம்மாவைப் போலச் சுருக்கவெல்லாம் தெரியாது. வில்லன் பேசினால் வில்லன் மாதிரியே கத்தினார். கதாநாயகி அழுதால் அதையும் சொன்னார். "அழுவுறா! நல்லா அழுவுறா!"

பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். இந்த முறை குழந்தையும் இடுப்பில் இருந்தது, விழித்துக்கொண்டு. முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "அக்கா, அந்த டிவியே பரவாயில்ல போலக்கீது," என்றார்.

அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பா ஹெட்போனைக் கழற்றி, "இன்னா? இன்னா சொல்லுது?" என்றார்.

"நீ டிவிய விட நல்லா கத்துறியாம்!"

அந்தத் தடவை அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஆலையில் அந்த சைகைக்கு என்ன அர்த்தமோ, குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

பிறகு வந்த ஞாயிறுகளில் அப்பா தணிந்த குரலில் சொல்லப் பழகிக்கொண்டார். அம்மா தன் உள்ளங்கையை அவர் முழங்காலில் வைத்திருப்பாள். குரல் உயர்ந்தால் ஒரு அழுத்து அழுத்துவாள். அப்படித்தான் சில வாரம் ஓடியது.

ஒரு நாள் அப்பா ஒரு பழைய குடும்பப் படத்தின் சிடியை எடுத்து வந்தார். எங்களுக்கு ரொம்பப் பிடித்த படம். சில வருடங்களுக்கு முன்பு பார்த்தது. அதில் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒருவர் வருவார். மகன் வெளியூரிலிருந்து வந்து அவர் எதிரில் நின்று நெடுநேரம் பேசுவான். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த இடம் வந்தது. அப்பா அதுவரை எனக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். காட்சி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாமே, இந்தப் பையன் அப்பன இந்தத் திட்டு திட்றான்? 'உன்னால எனக்கு இன்னா பிரயோஜனம்'ன்றான். 'நீ இருந்து இன்னா, போயி இன்னா'ன்றான்."

அம்மா குனிந்து பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"நீ அன்னிக்கு வேற சொன்னியே? 'நீ கவலப்படாதப்பா, இவ்ளோ நாளு ஒழைச்சது போதும், இனிமே நான் பாத்துக்கறேன்'னு சொல்றான்னு சொன்னியே? நான்கூட நல்ல பையன்னு நெனச்சினு இருந்தேன்."

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு அந்தக் காட்சியில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா சொல்லிக்கொண்டிருந்த வசனமும் டிவியில் வந்த வசனமும் வேறு வேறு என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவள் அவர் காதோடு பேசுவதை யார் ஒட்டுக் கேட்பார்கள்?

அம்மா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப உன் மில்லு மூடிக் கெடந்துச்சு. நீ சோறே ஒழுங்கா துன்னாம குந்தினு இருந்த. அன்னிக்குப் போயி அந்த எழவ உன் காதுல நான் எப்படியா சொல்லுவேன்?"

அப்பா திரைப் பக்கம் திரும்பினார். அங்கே அடுத்த காட்சி, வாயசைவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"இது ஒரு படந்தானா? வேற எதுலயெல்லாம் மாத்திச் சொன்ன?"

"எனக்கு இன்னா நெனப்பு கீது? எதுலயோ எதுலயோ."

"நீ சொன்ன படந்தான்மே நல்லா இருந்துச்சு," என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் டீ வைக்கிற நேரம் கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் அப்பா ஷிஃப்டு முடிந்து வந்தபோது, யாரிடமும் சொல்லாமல் தானே மெக்கானிக் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். டிவியில் இன்னொரு சாக்கெட் போட முடியும், ஆனால் இரண்டாவதாக ஒரு ஹெட்போன் வேண்டும். இந்த முறை ரிச்சி தெருவுக்கு அவர் தனியாகப் போனார். போகிற வழியில் எந்த வண்டி ஒலி எழுப்பினாலும் கேட்காதே என்று அம்மா சாயங்காலம் வரை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவர் அதே மாதிரி ஒரு சாம்பல் நிற ஹெட்போனோடு வந்தார். கடைக்காரர் அடையாளம் வைத்திருந்து, கொழந்தை நல்லாயிருக்குதா என்று விசாரித்தாராம்.

அம்மாவுக்கு அது கொஞ்சம் பெரிது. கொண்டையில் இடித்தது. கொண்டையை இறக்கிப் பின்னலாகப் போட்டுக்கொண்டாள். இருவரும் அக்கம்பக்கம் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சிரிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்குத்தான் ஒரு சத்தமும் இல்லை. நான் ஊமைப்படம் பார்த்தேன். பெரும்பாலும் அவர்களைத்தான் பார்த்தேன்.

ஹெட்போன் இன்னொரு காரியமும் செய்தது. ஆலையில் காது பரிசோதனைக்கு டாக்டர் வந்தபோதெல்லாம் அந்தப் பக்கமே தலைகாட்டாத அப்பா, அடுத்த தடவை வரிசையில் போய் நின்றார். "மழைச் சத்தம் வெளியவும் கேட்டா நல்லாத்தான இருக்கும்," என்று என்னிடம் காரணம் சொன்னார். அதன் பிறகு ஆலையில் அவரைச் சத்தம் குறைந்த பகுதிக்கு மாற்றினார்கள். காதுக்கு மிஷின் வந்தது. அதைப் போட்டுக்கொண்ட முதல் நாள் குக்கர் விசிலுக்குத் துள்ளிவிட்டார். அம்மா பாத்திரம் கழுவுவதைக் கேட்டு, "இம்மாஞ் சத்தத்துலயா இவ்ளோ வருசம் குடித்தனம் பண்ணோம்?" என்றார். வேலைக்கும் கடைக்கும் மிஷினைப் போட்டுக்கொள்வார். படத்துக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போன்தான்.

நான் கல்யாணமாகிச் செவ்வாப்பேட்டைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொந்தமாக வீடு கட்டிப் பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் வேறு யாரோ வந்தார்கள். சத்தமாக வைத்தாலும் ஒன்றும் சொல்லாதவர்கள். ஆனாலும் இவர்கள் இருவரும் ஹெட்போனை விடவில்லை. மெத்தை கிழிந்தபோது அம்மா அப்பாவின் பழைய லுங்கியை வெட்டி நான்கு கிண்ணத்துக்கும் உறை தைத்தாள். மாதம் ஒருமுறை துவைத்துக் கொடியில் காயப்போடுவாள்.

அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடம் அது. ஒரு ஞாயிறு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். பக்கத்தில் அத்திப்பட்டில் அவ்வளவு பெரிய அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை வைத்துக்கொண்டு நமக்குக் கரண்ட் இல்லை என்று ரயிலில் எல்லோரும் புலம்பிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபேன் நின்றிருந்தது, டிவி இருண்டு கிடந்தது. அப்பாவும் அம்மாவும் ஹெட்போனைக் கழற்றாமல், அந்த இருண்ட திரையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரு அட்டையால் இரண்டு பேருக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தாள். நான் வந்தது இருவருக்கும் கேட்கவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, கரண்ட் வரட்டும் என்று நானும் காத்திருந்தேன்.